மூன்றாம் பம்பும் உன் அப்பாவின் பசையும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மனசளவில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நானாகவே நம்பிக்கொள்கிறேன், போனில் கேட்டால் "ம்" என்று முடித்துவிடுகிறாய், அதிலிருந்து எனக்கு என்ன தெரியும். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ மீட்டிங் என்பாய், உன் அப்பா பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுவார், சொல்ல வந்ததில் பாதியை நான் விழுங்கிவிடுவேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அவரும் செரும முடியாது. அவர் இப்போது வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் உனக்கு எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியும், என்ன எழுதுகிறேன் என்பதும் தெரியும், அதனால்தான் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைக்கிறார்.

முதலில் வீட்டு விஷயம். நம் டிரைவிங் ஸ்கூலுக்கு இந்த மாதம் ஆட்கள் வருவது பரவாயில்லை. மருந்துக்கடைக்காரர் இந்தத் தடவையும் டெஸ்டில் தோற்றுவிட்டார். எந்த டாக்டரின் கிறுக்கலையும் தூரத்திலிருந்தே படித்துவிடுகிற மனிதருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் மட்டும் கண் தெரியாமல் போய்விடுகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போதெல்லாம் வீட்டில் டிவி பார்க்கும்போதும் என் கால் தானாகத் தரையை அழுத்துகிறது. உன் அப்பாவுக்கு வேறு ஒரு வியாதி. எங்கே கார்டு போடுகிற மெஷினைப் பார்த்தாலும் பிடித்து இழுக்கிறார். ஏடிஎம்மில் இழுக்கிறார், பார்க்கிங் சீட்டு தருகிற மெஷினில் இழுக்கிறார், போன வாரம் காய்கறிக் கடையில் அந்தப் பெண் நீட்டிய சின்ன மெஷினைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தட்டி, காதில் வைத்துக் கேட்டார். ஏடிஎம் காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாரோட கார்டு உள்ள மாட்டிக்கிச்சா, தினமும் வந்து இழுத்துட்டுப் போறாரே" என்று விசாரித்தார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

நீ லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனதும் உன் கார்டிலிருந்து யாரோ பணம் எடுத்துவிட்டார்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். ஊரார் கணக்கில் ஒளிந்திருக்கிற தப்பையெல்லாம் தோண்டி எடுக்கிற ஆடிட்டர் நீ, உன் கணக்கிலேயே ஒருத்தன் கைவைத்தால் சும்மா இருப்பாயா. உட்கார்ந்த இடத்திலிருந்தே விசாரணை நடத்தினாய், தீர்ப்பும் எழுதினாய். கிளம்புவதற்கு முன்னால், அம்மா காருக்கு டாங்க் நிறைய பெட்ரோல் போட்டுத் தருகிறேன் என்று தெருமுனைப் பெட்ரோல் பங்குக்குப் போனாய், அது உன் நல்ல மனசு, அதில் நான் குறை சொல்லவே மாட்டேன். மூன்றாம் பம்பில் கார்டைச் செருகி நீயே பெட்ரோல் பிடித்தாய். உள்ளே கவுன்ட்டரில் தண்ணீர் பாட்டில் வாங்கினாய். வாங்கிவிட்டுக் கார்டை அங்கிருந்த மெஷினிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாய். கவுன்ட்டரில் நிற்கிற பெண்ணுக்குக் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், பென்சில் கொண்டை என்று நாம் மூன்று பேரும் சேர்ந்து பெயர் வைத்தோமே, அவள் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு சிக்னல் வரைக்கும் ஓடி வந்து உன் கையில் கார்டைக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் நீயே சொன்னாய், "பாவம்மா அவ, மூச்சு வாங்க ஓடி வந்தா" என்று. பணம் போனதும் அந்த ஓட்டமே உனக்குச் சாட்சியாகிவிட்டது. கார்டு என் கையை விட்டு வேறு ஒருத்தர் கைக்குப் போனது அந்த ஒரு தடவைதான், அதனால் அவள்தான் என்று வங்கிக்கு எழுதினாய், பங்கு முதலாளிக்கும் ஒரு நகல் அனுப்பினாய். வங்கி உன் பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டது. அதோடு உனக்கு விஷயம் முடிந்தது. இங்கே முடியவில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கவுன்ட்டரில் இப்போது முதலாளியின் மச்சான் உட்கார்ந்திருக்கிறார், மீதிச் சில்லறை கேட்டால் சொத்தைக் கேட்ட மாதிரி முறைக்கிறார்.

இப்படி இருக்கும்போது போன வாரம் பங்குக்கு ஒரு மெக்கானிக் வந்தார். உனக்குப் போன மாதிரியே இன்னும் சிலருக்கும் பணம் போயிருக்கிறது, எல்லாரும் மூன்றாம் பம்பில் பெட்ரோல் பிடித்தவர்கள், அதில் பலர் கவுன்ட்டர் பக்கமே போகாதவர்கள், அதனால் வங்கிதான் அவரை அனுப்பியதாம். உன் அப்பா அந்த நேரம் டயருக்குக் காற்று அடிக்கப் போயிருந்தார், எங்கே வேடிக்கை என்றாலும் முதல் வரிசையில் நிற்பாரே, அங்கேயும் நின்றார். மெக்கானிக் மூன்றாம் பம்பில் கார்டு செருகுகிற வாயைப் பார்த்தார், பக்கத்துப் பம்பின் வாயையும் போய்ப் பார்த்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஆனால் இது கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது, நிறமும் ஒரு மாற்று குறைவு. இது ஸ்கிம்மர் என்று கூட்டத்துக்கு விளக்கினாராம். உண்மையான வாய்க்கு மேலே ஒரு பொய் வாயை மாட்டிவிடுவார்களாம். கார்டு உள்ளே போகிற வழியிலேயே, அதன் முதுகில் இருக்கிற கருப்புப் பட்டையை இது படித்து, எங்கேயோ நிற்கிற திருடனின் போனுக்கு அனுப்பிவிடுமாம். எண் பலகைக்கு மேலே ஒரு பட்டியில் கடுகளவு ஓட்டை, அதற்குள் கேமரா, நாம் அமுக்குகிற ரகசிய எண்ணை அது பார்த்துக்கொள்ளும். இரண்டும் கிடைத்தால் போதும், உன் கார்டுக்கு ஒரு இரட்டைப் பிறவியைச் செய்துவிடலாம். வேலை முடிந்ததும் திருடன் கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் லேசாக டேப் போட்டுத்தான் ஒட்டியிருப்பான், ஒரு இழுப்பில் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். வரவில்லை. பம்பில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார், அப்போதும் வரவில்லை. கடைசியில் உளியை வைத்து நெம்பி எடுத்துவிட்டு, "எந்தத் திருடன்யா இப்படி ஒட்டினான், அவனே வந்தாலும் பிய்க்க முடியாது போலிருக்கே" என்று தலையைச் சொறிந்தார். அதன் ஓரத்தில் மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்த பசையைப் பார்த்ததும் உன் அப்பா டயருக்குக் காற்றுகூட அடிக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அந்த மஞ்சள் பசையை நீயும் பார்த்திருக்கிறாய். நம் வீட்டு நாற்காலிக் காலில் இருக்கிறது, என் கோப்பையின் கைப்பிடியில் இருக்கிறது, நீ இப்போது வைத்திருக்கிற சூட்கேஸின் சக்கரத்திலும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. என்ன என்று கேட்டால், "அதை ஒட்டினது நான்தான்" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த மனிதருக்கு இந்த வயதிலா திருட்டுப் புத்தி வர வேண்டும், அதுவும் பெற்ற மகளிடமா என்று நினைத்துவிட்டேன். அப்புறம் வாயைக் கிளறிக் கிளறி ஒவ்வொன்றாக வாங்கினேன். நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்குப் பல் பிடுங்கினார்களே, அன்று மருந்துக்கடைக்காரருக்கு வகுப்பை நானே எடுக்கிறேன் என்று இவர் கிளம்பினார். பெட்ரோல் போட வேண்டும், பம்புக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர், ஒட்டி என்றதும் பம்பை உரசிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். பக்கக் கண்ணாடி பம்பின் முகத்தில் சர்ரென்று தேய்த்தது. இவர் இறங்கிப் பார்த்தார், பம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாடா என்று கார்டைச் செருகப் போனால் அந்த வாய் பொசுக்கென்று கழன்று இவர் கையில் வந்துவிட்டது. நம் வண்டி இடித்துத்தான் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வேறு யாராவது இருந்தால் உள்ளே போய்ச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும், உன் பணமும் பிழைத்திருக்கும். உன் அப்பா அக்கம்பக்கம் பார்த்தார். மருந்துக்கடைக்காரரிடம், "உள்ள உட்காருங்க, இந்தப் பக்கம் பார்க்காதீங்க" என்று கொலையை மறைக்கிறவர் மாதிரி சொல்லியிருக்கிறார். டாஷ்போர்டிலிருந்து பசையை எடுத்தார், கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார், பசையைத் தடவி, கோணாமல் பொருத்தி, பிடிக்கிற வரைக்கும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார். திருடன் டேப்பில் ஒட்டிவிட்டுப் போனதை இவர் ஜென்மத்துக்கும் கழலாத மாதிரி ஒட்டிக் கொடுத்திருக்கிறார், கூலிகூட வாங்காமல். பசை ஈரமாக இருக்கிறதே என்று தன் கார்டை அதில் போடாமல் உள்ளே போய் ரொக்கம் கொடுத்துவிட்டு வந்தார். ஒட்டியவர் தப்பித்துக்கொண்டார், கொஞ்ச நாளில் மகள் வந்து மாட்டிக்கொண்டாள். இதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பில் பிடுங்கிய பல்லின் இடமே மறுபடி வலித்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது பென்சில் கொண்டை நினைவுக்கு வந்தாள். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பாவை நீ திட்டாதே, நான் போதுமான அளவு திட்டிவிட்டேன். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, மருந்துக்கடைக்காரரையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூடப் போனேன், போகாவிட்டால் பாதியை மென்று விழுங்கிவிடுவார். இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. அப்புறம் நம்பினார், அதற்கப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் அவர் ஒன்று சொன்னார், அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்திருக்கிறது. டேப்பில் மட்டும் இருந்திருந்தால் திருடன் என்றைக்கோ கழற்றிக்கொண்டு போயிருப்பானாம், பம்பில் அப்படி ஒன்று இருந்தது என்பதற்குத் துப்பே இருந்திருக்காதாம். வந்து இழுத்துப் பார்த்து, வராமல், திட்டிக்கொண்டுதான் போயிருப்பான். அதற்காக இவரைப் பாராட்டி ஏதும் எழுதி வைக்காதே, அப்புறம் ஊரில் இருக்கிற மெஷினுக்கெல்லாம் பசை தடவக் கிளம்பிவிடுவார். பங்கில் இருக்கிற கேமராவில் பதிவானதையும் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மகளே, அதில் நீயும் இருக்கிறாய். சாப்பாட்டு மேஜையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, ரகசிய எண்ணை அமுக்கும்போது கையால் மூட வேண்டும் என்று காது புளிக்கப் பாடம் எடுத்தாயே, அந்த நீ, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு, பியானோ வாசிக்கிறவள் மாதிரி விரலை விரித்து ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாக அமுக்குகிறாய். கேமராவே தேவையில்லை, எதிர்த்த கடையிலிருந்தே எழுதிக்கொள்ளலாம். உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், உன் மானம் போகக் கூடாது என்று இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம்.

அதே படத்தில் பென்சில் கொண்டையும் இருக்கிறாள். கார்டைக் கையில் எடுக்கிறாள், கவுன்ட்டரைத் தாண்டி ஓடுகிறாள், அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டே ஓடுகிறாள், நீ காரின் கண்ணாடியில் பார்த்துவிட மாட்டாயா என்று. ஒரு இடத்திலும் அவள் நிற்கவில்லை, கையைக் கீழே இறக்கவில்லை. பாதி வழியில் கொண்டை அவிழ்ந்து பென்சில் ரோட்டில் விழுகிறது, அதையும் குனிந்து எடுக்கவில்லை. என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை. முதலாளியும் பார்த்தார், அவருக்கும் புரிந்தது. ஆனாலும் அவர் கையைப் பிசைந்துகொண்டு, "உங்க பொண்ணு எழுதினதுதான் பேங்க் விசாரணைல இருக்கு, அவங்களே அது தப்புன்னு எழுதிக் குடுத்தாத்தான் நான் கூப்பிட முடியும்" என்கிறார். அம்மா எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாதாம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போதுதான் ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது, விடுவேனா. கார்டு போடுகிற இடத்தை முதலில் பார், பக்கத்து மெஷினோடு ஒப்பிட்டுப் பார், ஒன்று மட்டும் தடித்தோ வேறு நிறமாகவோ இருந்தால் நகர்ந்துவிடு. வாயை லேசாக ஆட்டிப் பார், உன் அப்பா மாதிரி பிடுங்காதே. எண் பலகை மெத்தென்று மேலே தூக்கினாற்போல் இருந்தால் அதற்கு மேலே இன்னொரு பலகை போட்டிருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். தொட்டாலே போதும் என்கிற வசதி இருந்தால் கார்டை உள்ளே விடாமல் தொட்டுவிட்டு வா, அதில் அந்தக் கருப்புப் பட்டைக்கு வேலையே இல்லையாம். போனை உன் பைக்குள் போட்டுவிட்டு, இன்னொரு கையைக் கூரை மாதிரி வைத்து எண்ணை அமுக்கு, இது நீ எனக்குச் சொன்னதுதான், உனக்கே திருப்பித் தருகிறேன். பணம் எடுத்தால் உடனே போனுக்குச் செய்தி வருகிற மாதிரி வைத்துக்கொள், சந்தேகம் வந்தால் கார்டின் முதுகில் இருக்கிற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கார்டை நிறுத்து, யாரோ அனுப்புகிற எண்ணுக்குக் கூப்பிடாதே. எங்கேயாவது ஏதாவது கழன்று கையோடு வந்தால் அதை ஒட்டாதே, உள்ளே போய்ச் சொல். எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று. பணம் போனால் உடனே வங்கிக்குச் சொல், ஆனால் ஆளைச் சொல்ல அவசரப்படாதே. உன் ஆபீஸில் ஒரு எண் தப்பாக இருந்தால் எத்தனை முறை சரிபார்ப்பாய். ஒரு மனுஷிக்கு அதில் பாதிகூடப் பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது, இன்னும் இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

நேற்று நான் அவள் வீட்டுக்குப் போனேன். செருப்புத் தைக்கிற கடைக்கு மேலே ஒரே அறை, ஏணி மாதிரிப் படி. பங்கில் போடுகிற சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறாள், எப்போது கூப்பிட்டாலும் போட்டுக்கொண்டு ஓடலாம் என்று. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், அப்பாவின் பசை வரைக்கும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன், திட்டினால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் முதலில் கேட்டது, "உங்க பொண்ணுக்குப் பணம் திரும்பக் கிடைச்சுடுச்சா அக்கா" என்பதுதான். கிடைத்துவிட்டது என்றேன். சரி என்றாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கிளம்பும்போது படி வரைக்கும் வந்து நின்று, "ஒண்ணு கேக்கணும் அக்கா. நாளைக்கு வேற யாராவது கார்டை விட்டுட்டுப் போனா, நான் பின்னால ஓடட்டுமா, வேணாமா" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அவள் என்னிடம் கேட்டாலும் அந்தக் கேள்வி உனக்குத்தான்.

நீ எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல், நல்ல மனசோடு நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். இதைப் படித்து முடித்ததும் வேறு எந்த வேலையையும் எடுக்காமல் வங்கிக்கும் முதலாளிக்கும் எழுதிவிடு. அதற்கப்புறம் அவளுக்குத் தனியாக உன் கைப்பட எழுது, அவள் கேட்டதற்குப் பதிலையும் அதிலேயே எழுது. முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா